லா ஃபோந்தேன் நீதிக்கதை அஞ்சலட்டைகள்: வரிசையை நிரப்புவதா, ஒரே கதையைத் தேடுவதா?

கேள்வி: வைசியாள் வீதி

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தாவின் தம்பி பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் அவரைப் போன்றவர்களைச் சொல்தா என்றே இன்றும் குறிப்பிடுவார்கள். 1950களில் மார்செய் நகரில் இருந்த காலத்தில் அவர் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தைகளில் படம் போட்ட அஞ்சலட்டைகளை வாங்கிச் சேர்த்தார் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். சென்ற மாதம் வெள்ளையடிப்பதற்காக அலமாரியை நகர்த்தியபோது ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. அதில் இருந்த 41 அட்டைகளில் 23 அட்டைகள் விலங்குக் கதைகளைப் பற்றியவை. பெரும்பாலானவற்றின் அடியில், நீதிக்கதைகளைச் செய்யுளாக எழுதிய பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேன் பெயரும் அவருடைய செய்யுளிலிருந்து ஓரிரு வரிகளும் அச்சிடப்பட்டிருக்கின்றன.

முதலில் கையில் வந்த அட்டையில் ஒரு காகம் கிளையில் அமர்ந்து, வட்டமான ஒன்றை அலகில் பிடித்திருக்கிறது. கீழே வால்கோட்டு அணிந்த நரி தொப்பியைக் கழற்றி வணங்குகிறது. பாட்டி சுட்ட வடையைக் காகம் தூக்கிச் சென்ற கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அது பாலாடைக்கட்டி என்று விளங்கச் சற்று நேரம் பிடித்தது. வேறோர் அட்டையில் இரண்டு வாத்துகள் ஒரு குச்சியின் இரு முனைகளையும் பிடித்துப் பறக்க, நடுவில் ஓர் ஆமை அதைக் கவ்வித் தொங்குகிறது. இந்தக் கதையை நான் பஞ்சதந்திரத்தில் படித்திருக்கிறேன். பிரெஞ்சுக்காரர் கதைக்குள் அது எப்படிப் போயிற்று என்பது புரியவில்லை.

எனக்கு மூன்று ஐயங்கள் உள்ளன. இவை எந்தக் காலத்தவை என்பதை எப்படிக் கண்டறிவது? ஓர் அட்டையின் பின்புறத்தில் எழுதுவதற்குப் பாதி இடம் காலியாக இருந்தும், ஊதா மையில் ‘லியோனிலிருந்து அன்பு முத்தங்கள்’ என்று பொருள்படும் நான்கே சொற்களை எழுதி, பச்சை நிற அஞ்சல்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். இப்படிச் சுருக்கமாக எழுதியவை இன்னும் மூன்று இருக்கின்றன. இரண்டாவதாக, ஆறு அட்டைகளின் மூலையில் எண்கள் உள்ளன. 2, 3, 5, 6, 9, 10 ஆகியவை கிடைத்துள்ளன. விடுபட்டவற்றைத் தேடி வாங்கித் தொகுப்பை முழுமையாக்குவது அறிவுடைய செயலா? மூன்றாவதாக, சிலவற்றில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன. பக்கத்துத் தெருக் கடைக்காரர் எல்லாவற்றையும் லேமினேட் செய்து தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா?

பதில் 1: பழந்தாள்

ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: லேமினேட் செய்யவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. பிரித்தால் அட்டையின் மேல்தாளும் கூடவே வந்துவிடும். சேர்ப்பவர்கள் யாரும் அத்தகைய அட்டையை வாங்க மாட்டார்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, படத்தை ஒதுக்கிவிட்டு அட்டையைத் திருப்பிப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். உலகின் முதல் அஞ்சலட்டையை 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியா வெளியிட்டது. அதில் படம் கிடையாது. படம் போட்டவை பரவிய பிறகும், பின்புறம் முழுவதும் முகவரிக்கே என்ற விதி பல ஆண்டுகள் நீடித்தது. பிரான்சில் 1903ஆம் ஆண்டின் இறுதியில்தான் பின்புறத்தை நடுவில் கோடிட்டுப் பிரித்து, இடப்பக்கம் செய்தியும் வலப்பக்கம் முகவரியும் எழுத இசைவு தந்தார்கள். பிரிட்டன் 1902இலும் ஜெர்மனி 1905இலும் அமெரிக்கா 1907இலும் இதைச் செய்தன. ஆகவே கோடு இல்லாத பின்புறமும், படத்தின் ஓரத்தில் நரியின் வாலைச் சுற்றி நெருக்கி எழுதிய செய்தியும் இருந்தால் அந்த அட்டை 1903க்கு முற்பட்டதாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. ஆனால் மிஞ்சிய பழைய அட்டைகளை அதன் பிறகும் மக்கள் பயன்படுத்தினார்கள் என்பதால், அச்சான காலத்தையும் அஞ்சலில் சேர்த்த காலத்தையும் தனித்தனியே குறித்துவைக்க வேண்டும்.

உங்கள் நான்கு சொற்களுக்குக் காரணம் சிக்கனம். அக்காலப் பிரான்சில் செய்தி எழுதிய அஞ்சலட்டைக்கு 10 சென்டிம் கட்டணம் (ஒரு பிராங்குக்கு 100 சென்டிம்). ஐந்து சொற்களுக்கு மேற்படாமல் எழுதினால் 5 சென்டிம் போதும். அதனால்தான் பாதி அட்டையைக் காலியாக விட்டு ‘அன்பு முத்தங்கள்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். பச்சை நிற 5 சென்டிம் அஞ்சல்தலையில் விதை தூவும் பெண்ணின் உருவம் இருந்து, அவளுக்குப் பின்னால் கதிரவனோ கோடுகளோ இல்லாமல் ஒரே நிறம் நிரம்பியிருந்தால் அந்தத் தலை 1907இல் வெளிவந்தது. ஆகவே அட்டை அதற்கு முன் அஞ்சலில் சேர்ந்திருக்க முடியாது. முதல் உலகப் போரின்போது கட்டணங்கள் உயர்ந்துவிட்டதால், பின்னெல்லையும் ஓரளவு தெரிந்துவிடும். அஞ்சல்தலை படத்தின் மேல் ஒட்டப்பட்டிருந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். அந்நாளில் அது ஒரு பாணி; அப்படிப்பட்டவற்றையே தேடிச் சேர்ப்பவர்களும் உண்டு.

அடுத்து அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய அட்டைகள் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் உயரமும் 14 சென்டிமீட்டர் நீளமும் கொண்டவை. 10.5க்கு 14.8 என்ற அளவில் இருந்தால், பழைய படத்தைப் பிற்காலத்தில் மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள் என்று முதலில் ஐயப்பட வேண்டும். பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று. கல்லச்சில் பல நிறங்களை அடுத்தடுத்து ஏற்றி அச்சிட்ட அட்டையில் புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். கை போன போக்கில் பொட்டு வைத்தது போலத் தோன்றும். பிற்கால ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் கோலப்புள்ளி வைத்தது போல வரிசை பிசகாமல் நிற்கும். கொலோடைப் என்னும் முறையில் புள்ளியே இருக்காது. நுண்ணிய சுருக்கங்கள் புழு நெளிவது போலத் தெரியும். 1900ஐ ஒட்டியது என்று சொல்லி விற்கப்படும் வண்ண அட்டையில் கோலப்புள்ளி ஒழுங்கைக் கண்டால் நான் பணப்பையைத் திறப்பதில்லை.

தொகுப்பை நிரப்புவது பற்றி: கட்டாயம் நிரப்புங்கள். எண்ணிட்ட வரிசைகள் பெரும்பாலும் பத்துக்குள் முடிபவை. ஆறு கைவசம் இருப்பது நல்ல தொடக்கம். உதிரியாகக் கிடக்கும் ஆறு அட்டைகளுக்கு இல்லாத மதிப்பு, முழு வரிசைக்கு உண்டு.

பதில் 2: ஏட்டுப்பூச்சி

பழந்தாள் ஐயா சொன்ன காலக் கணக்கில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கடைசிப் பத்தியில் உண்டு. நானும் பத்தாண்டுகள் வரிசை வரிசையாக நிரப்பியவள்தான். ஓர் எண் குறைகிறது என்பதற்காகவே, கண்ணுக்குச் சிறிதும் பிடிக்காத ஓர் அட்டையை இரு மாதம் தேடி வாங்கி உறையில் செருகிய நாளில், நான் படங்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு எண்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. அன்று முதல் ஒரே கதையை எத்தனை ஓவியர்கள் எப்படி வரைந்தார்கள் என்று தேடுவதையே என் சேகரிப்பாக வைத்துக்கொண்டேன்.

எடுத்துக்காட்டாக, லா ஃபோந்தேனின் முதல் நூலில் முதல் கதையாக நிற்பது நாம் பள்ளியில் எறும்பும் வெட்டுக்கிளியும் என்று படித்த கதை. ஆனால் அவர் எழுதியது வெட்டுக்கிளியைப் பற்றியன்று, சில்வண்டைப் பற்றி. சில்வண்டு தென் பிரான்சின் வெயிலில் மரத்தில் அமர்ந்து இரைவது; வட பகுதியில் இருந்தவர்களுக்கு அதன் முகம் அவ்வளவாகப் பழக்கமில்லை. 1838இல் இக்கதைகளுக்குப் படம் வரைந்த கிரான்வில், இடுக்கிய கிட்டாரோடு எறும்பின் வாசலில் நிற்பதாகக் காட்டியது அச்சு அசலான வெட்டுக்கிளியை. பூச்சிகளை ஆராய்ந்த ழான் ஆன்ரி ஃபாப்ர், தென் பகுதியில் வாழ்ந்து சில்வண்டை நாள்தோறும் கவனித்தவர் என்பதால், இதைத் தம் நூலில் குத்திக்காட்டியே எழுதினார். கதையின் மீதும் அவருக்கு மனக்குறை உண்டு: சில்வண்டு மரச்சாற்றை உறிஞ்சுவதன்றித் தானியத்தைத் தொடுவதில்லை, பனிக்காலம் வருமுன்னரே மடிந்துவிடுவதால் எறும்பிடம் கையேந்தி நிற்கவும் வழியில்லை. 1867இல் குஸ்தாவ் டோரே இந்தச் சிக்கலே வேண்டாம் என்று பூச்சியை விட்டுவிட்டு, கதவருகே நிற்கும் ஒரு பாட்டுக்காரப் பெண்ணையும் வீட்டுக்காரியையும் வரைந்தார். அந்தப் படத்தில் எறும்பின் உழைப்பைவிடப் பாட்டுக்காரியின் குளிரே முதலில் கண்ணில் படுகிறது. கதை யார் பக்கம் நிற்கிறது என்பதே மாறிவிடுகிறது.

கிரான்வில் 1847இலும் டோரே 1883இலும் இறந்துவிட்டார்கள். ஆகவே அவர்களுடைய படம் உள்ள அட்டை எதுவானாலும் நூலிலிருந்து எடுத்ததுதான். இதற்கு மாறானவர் பெஞ்சமின் ரபியே. 1906இல் லா ஃபோந்தேன் கதைகளைப் படக்கதை போலத் துண்டு துண்டாக வரைந்து நூலாக்கிய இவர், அஞ்சலட்டை கொடிகட்டிப் பறந்த காலத்திலேயே வாழ்ந்தவர். இவருடைய விலங்குகளுக்கு ஆடை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. சிரிப்பையும் திகைப்பையும் முகத்திலேயே காட்டிவிடுவார். புதுச்சேரிக் கடைகளில் சிவப்பு நிறத்தில் சிரிக்கும் பசு முகத்தோடு விற்கும் பாலாடைக்கட்டிப் பெட்டியை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்தப் பசுவும் இவர் வரைந்ததிலிருந்து வந்ததுதான். உங்கள் நரி வால்கோட்டு அணிந்திருப்பதால் அது ரபியேயின் கை அன்று என்று நினைக்கிறேன்; படத்தின் மூலையில் கையொப்பம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆமைக் கதை பிரான்சுக்குப் போன வழி நேரானது, ஆனால் நீளமானது. பஞ்சதந்திரம் ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குப் போய்ப் பஹ்லவி மொழியில் பெயர்க்கப்பட்டு, எட்டாம் நூற்றாண்டில் கலீலாவும் திம்னாவும் என்ற பெயரில் அரபியாகி, மீண்டும் பாரசீகத்தில் புது வடிவம் பெற்று, அங்கிருந்து 1644இல் பாரிசில் பிரெஞ்சு நூலாக வெளிவந்தது. லா ஃபோந்தேன் 1668இல் வெளியிட்ட முதல் தொகுதியில் ஈசாப்பின் சாயலே மிகுதி. 1678இல் வந்த இரண்டாம் தொகுதியின் முன்னுரையில், இவற்றில் பெரும்பகுதிக்கு பஞ்சதந்திரக் கதைகளைச் சொன்னவராக மேலைநாட்டில் கருதப்பட்ட இந்திய ஞானியான பில்பேக்குத் தாம் கடன்பட்டிருப்பதாக அவரே நன்றியோடு எழுதியிருக்கிறார். வாத்துகளும் ஆமையும், பூனையிடம் வழக்குக்குப் போய் உயிரைவிட்ட முயல் ஆகிய கதைகள் அந்த இரண்டாம் தொகுதியைச் சேர்ந்தவை. காகம் வைத்திருந்த பாலாடைக்கட்டி மட்டும் ஈசாப் வழி வந்தது. அதை வடையாக்கியது நம் பாட்டிகள்.

உங்கள் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1792இல் புதுச்சேரிக்கு வந்து தென்னிந்தியாவில் முப்பதாண்டுகள் இருந்த துய்புவா பாதிரியார், இங்கே வழங்கிய பஞ்சதந்திரத்தை 1826இல் பாரிசில் பிரெஞ்சில் வெளியிட்டார். அதனோடு சேர்ந்து அச்சேறியது வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை. எனவே நான் உங்கள் இடத்தில் இருந்தால், விடுபட்ட 1, 4, 7, 8 எண்களைத் தேடுவதைவிட, குச்சியைக் கவ்விய ஆமை எத்தனை அட்டைகளில் எத்தனை விதமாகத் தொங்குகிறது என்பதைத் தேடுவேன். இந்திய அஞ்சல்துறை 2001இல் வெளியிட்ட பஞ்சதந்திர அஞ்சல்தலைகளிலும் இந்த ஆமை உண்டு. பிரெஞ்சு அட்டையையும் அந்தத் தலைகளையும் ஒரே பக்கத்தில் வைத்தால் கதை வீடு திரும்பியது போலிருக்கும்.

பதில் 3: ஈரக்காற்று

நானும் கடலோர ஊர்க்காரன் என்பதால் பாதுகாப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பழுப்புப் புள்ளிகளுக்குக் காரணம் ஈரமும் பூஞ்சணமும், தாளிலேயே உள்ள மாசும். அவற்றை ரப்பர் கொண்டு அழிக்கவோ, பிளீச்சிங் கரைசலில் நனைக்கவோ முயல வேண்டாம்; புள்ளி மங்கும், கூடவே நிறமும் போய்விடும். புள்ளி விழுந்தவற்றை முதலில் மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள். பிஸ்கட் டின் வெளிச்சத்தைத் தடுத்ததால் நிறம் காத்தது உண்மைதான். ஆனால் உள்ளே புகுந்த ஈரத்தையும் வெளியே விடாமல் வைத்திருந்திருக்கும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில், பக்கத்தில் பசை தடவி மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் மூடிய போட்டோ ஆல்பத்தை, அட்டைகளுக்கு இதைவிடப் பாதுகாப்பு கிடையாது என்று சொல்லி விற்றார்கள். முப்பது அட்டைகளை அதில் பதித்தேன். மூன்று மழைக்காலம் கழித்து எடுக்க முயன்றபோது, சிங்கத்தின் காலடியில் வலையைக் கடித்துக்கொண்டிருந்த எலி அட்டையோடு வந்தது. முகவரி எழுதிய பின்புறத்தின் மேல்தாள் ஆல்பத்திலேயே தங்கிவிட்டது. அனுப்பியவர் பெயரும் அஞ்சல் முத்திரையும் அந்தத் தாளில்தான் இருந்தன.

ஆகவே பசை, டேப், ஒட்டும் மூலைகள் எதுவும் கூடாது. பிவிசி உறைகளும் கூடாது. புது ஷவர் திரை போன்ற மணம் வந்தால் அது பிவிசி என்று அறியலாம். நாளடைவில் அது பிசுபிசுத்து அட்டையின் மேற்பரப்பைப் பாழாக்கும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறைகளை வாங்கி, ஓர் உறைக்கு ஓர் அட்டை என்று செருகி, நிற்கவைத்து ஒரு பெட்டியில் அடுக்குங்கள். பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். ராமபாணப் பூச்சிக்கு அஞ்சி அந்துருண்டை போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அட்டைப் பெட்டிக்குள் அது வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக்கையும் மையையும் கெடுக்கக்கூடும். சுவரை ஒட்டிய அலமாரியும், குளியலறைச் சுவருக்குப் பின்புறமும் இதற்கு ஏற்ற இடமல்ல. குறிப்பு எழுத வேண்டுமானால் உறைக்குள் தனிச்சீட்டாக வையுங்கள். அட்டையிலேயே பேனாவால் எண் போட்டவர்களை நான் மன்னிப்பதில்லை.

மறுமொழி: வைசியாள் வீதி

மூவருக்கும் நன்றி. லென்ஸ் வாங்கி இரண்டு மாலைகள் உட்கார்ந்து பார்த்தேன். 23 அட்டைகளில் நான்கின் பின்புறத்தில் கோடு இல்லை. அவற்றில் ஒன்றில் செய்தி ஓநாயின் முதுகின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது. மூன்று அட்டைகளில் கோலப்புள்ளி ஒழுங்கு தெளிவாகத் தெரிகிறது, அளவும் பெரியது. சின்னத் தாத்தா 1950களில் புதிதாகவே அச்சானவற்றை வாங்கியிருப்பார் போலும். லியோன் அட்டையின் அஞ்சல்தலையில் விதை தூவும் பெண் இருக்கிறாள், பின்னணியில் கதிரவன் இல்லை. முத்திரையில் ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும் மங்கியிருக்கிறது. ஐந்து சொற்கள் விதியைப் படித்த பிறகு மற்ற மூன்றையும் எண்ணிப் பார்த்தேன்: ஐந்து, மூன்று, ஐந்து. ஒருவரும் ஆறாவது சொல்லை எழுதவில்லை.

ஏட்டுப்பூச்சி அம்மா குறிப்பிட்ட முதல் கதைக்கு என்னிடம் ஐந்து அட்டைகள் இருக்கின்றன என்பதை நீங்கள் எழுதிய பிறகே கவனித்தேன். மூன்றில் வெட்டுக்கிளி, நீண்ட பின்னங்கால் மடங்கி நிற்பதால் ஐயமே இல்லை. ஒன்றில் கிட்டாரோடு ஒரு பெண். ஐந்தாவதில் மட்டும் அகன்ற தலையும், கூரை போல மடிந்த கண்ணாடிச் சிறகுகளும் கொண்ட உண்மையான சில்வண்டு, எறும்பின் வாசலில் அல்லாமல் மரப்பட்டையில் அமர்ந்திருக்கிறது. அதன் அடியில் வெளியிட்டவர் ஊராக அச்சாகியிருப்பது மார்செய். தென் பகுதிக்காரர் கையில் அது வெட்டுக்கிளியாக மாறவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 4: ஏட்டுப்பூச்சி

ஓர் அட்டையை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனால் தேடத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. மார்செய், அவிஞ்ஞோன், ஆர்ல் என்று தென் பகுதி ஊர்களில் அச்சான சில்வண்டு அட்டைகளையும் பாரிசில் அச்சானவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தென் பகுதிக்காரர்கள் சில்வண்டைத் தங்கள் நாட்டின் அடையாளமாகவே கொண்டாடுபவர்கள் என்பதால், கதை இல்லாத வெறும் வாழ்த்து அட்டைகளிலும் அது வரும். அவற்றையும் ஒதுக்க வேண்டாம்.

பதில் 5: பழந்தாள்

வரிசையை நிரப்பச் சொன்னவன் நான். இப்போதும் அதே கருத்துதான். ஆனால் மார்செய் சில்வண்டின் பின்புறத்தைப் படம் எடுத்து இங்கே போட்டால், அச்சகத்தின் குறியீட்டைக் கொண்டு காலத்தைச் சொல்ல முயல்வேன். எனக்கும் அதைப் பார்க்க ஆவலாக இருக்கிறது.

மறுமொழி: வைசியாள் வீதி

நாளை பகல் வெளிச்சத்தில் எடுத்துப் போடுகிறேன், ஐயா. இன்று ஆமை அட்டையை லென்ஸில் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. குச்சியின் வலப்பக்க முனையைப் பிடித்துப் பறக்கும் வாத்தின் அலகு நன்றாகவே திறந்திருக்கிறது. ஆமையைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது போல வரைந்துவிட்டார்கள். ஆமை வாயை இறுக மூடிக்கொண்டு, சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.